மார்கழிக்கு ஒரு பழ மசாலா டீ: 10 டம்ளர், 47 இரவுகள்

(நமது குடியிருப்போர் நலச் சங்கத்தின் டிசம்பர் மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



மார்கழி பிறக்கப் போகிறது, குளிர்காலத்துக்கு ஏற்றதாக ஏதாவது பேசுங்கள் என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். கோலத்தைப் பற்றியும் பஜனையைப் பற்றியும் பேச என்னைவிடத் தகுதியானவர்கள் இந்த வளாகத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் பேசப் போவது ஒரு பானத்தைப் பற்றி. ஆப்பிள், கமலா ஆரஞ்சு, இஞ்சி, பட்டை, கிராம்பு எல்லாம் சேர்த்துக் கொதிக்கவைத்துச் சூடாகக் குடிக்கும் பழ மசாலா டீ. அதை எப்படிப் போடுவது, அது உடம்புக்கு என்ன செய்யும், என்ன செய்யாது என்று சொல்கிறேன். முடிவில் உங்களிடம் ஒரு வேண்டுகோள் உண்டு. அதை ஒளித்து வைக்காமல் இப்போதே சொல்லிவிடுகிறேன். டிசம்பர் 16 முதல் ஜனவரி 31 வரை மொத்தம் 47 இரவுகள். அந்த 47 இரவும் நம் வளாகத்தில் காவலுக்கு இருக்கும் நால்வருக்கு, நம் வீடுகளிலிருந்து முறை வைத்து ஒரு ஃபிளாஸ்க் டீ போக வேண்டும்.

முதலில் பானத்துக்கு வருவோம். டீ என்று சொன்னாலும் இதில் தேயிலை கிடையாது. பழத்தையும் மசாலாவையும் வெந்நீரில் இறக்கி எடுக்கிறோம், அவ்வளவுதான். குளிர் நாடுகளில் இது பழைய பழக்கம். ஜெர்மனியில் கிறிஸ்துமஸ் சமயத்தில் ஊர் நடுவே சந்தை போடுவார்கள். பெரியவர்கள் பட்டை, கிராம்பு போட்டுச் சூடாக்கிய ஒயின் குடிப்பார்கள். பிள்ளைகளுக்கும் மது தொடாதவர்களுக்கும் அதே மசாலாவைப் பழச்சாற்றிலும் பழ டீயிலும் போட்டுக் கொடுப்பார்கள். அதற்குக் ‘கிண்டர்பன்ஷ்’ என்று பெயர். அங்கே விற்கும் பழ டீக்குச் சிவப்பு நிறத்தையும் புளிப்பையும் தருவது பெரும்பாலும் ரோசெல் என்ற செடி. நம் புளிச்சக்கீரைக்குச் சொந்தக்காரச் செடிதான். காஷ்மீரில் கஹ்வா போடுகிறார்கள்: பச்சைத் தேயிலை, குங்குமப்பூ, பட்டை, ஏலக்காய், மேலே பாதாம். கொரியாவில் யூஜா என்று எலுமிச்சை இனப் பழம் ஒன்று இருக்கிறது. அதைத் தோலோடு மெல்லியதாக நறுக்கிச் சர்க்கரையிலோ தேனிலோ ஊறவைத்துக்கொண்டு, குளிர்காலம் முழுக்க வெந்நீரில் கலந்து குடிக்கிறார்கள்.

இந்தப் பானங்களில் மணக்கும் சரக்கில் பெரும்பகுதி நம் பக்கத்தில் விளைவது. மிளகும் ஏலக்காயும் மேற்குத் தொடர்ச்சி மலையின் சொத்து. நல்ல பட்டைக்குப் பேர் போனது இலங்கை. அங்குள்ள தமிழர்கள் கறுவா என்பார்கள். கிராம்பு ஒரு காலத்தில் இந்தோனேசியாவின் மொலுக்கா தீவுகளில் மட்டும்தான் விளைந்தது. இன்று நம் கன்னியாகுமரி மாவட்டத்து மலைகளில் விளையும் கிராம்புக்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. கிராம்பு என்பது விரியாத பூமொட்டு என்று பலருக்குத் தெரியாது. வெந்நீரில் ஊறிய கிராம்பை எடுத்து உற்றுப் பாருங்கள், மொட்டின் தலை தெரியும்.

சென்னையில் குளிரா, அதற்கு ஒரு டீயா என்று சிலர் சிரிப்பது கேட்கிறது. நியாயம்தான். டிசம்பர், ஜனவரியில் இங்கே இரவில் சராசரியாக 21, 22 டிகிரி இருக்கும். சில விடியற்காலைகளில் 20-க்குக் கீழே இறங்கும். ஜெர்மனிக்காரர் கேட்டால் அதைக் கோடை என்பார். ஆனால் ஜன்னலைச் சாத்திவிட்டுப் போர்வைக்குள் படுத்திருப்பவருக்கு 20 டிகிரி என்பது ஒன்று. பின்வாசலில் பனியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவருக்கு 20 டிகிரி என்பது வேறு. அதிலும் நேரம் முக்கியம். காற்று அதிகமாகக் குளிர்வது சூரியன் உதிக்கும் முன்னால். நம் உடம்பின் உள்சூடு ஒரு நாளில் மிகக் கீழே இறங்குவதும் விடியற்காலை 4, 5 மணி வாக்கில்தான். இரண்டும் ஒன்றாக வந்து சேரும் அந்த நேரத்தில் நாம் அசந்து தூங்குகிறோம். வளாகத்தில் விழித்திருப்பவர்கள் நால்வர்: முன்வாசலில் இருவர், பின்வாசலில் ஒருவர், கீழ்த்தளக் கார் நிறுத்துமிடத்தில் ஒருவர்.

இந்த டீ குளிரைப் போக்குமா? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 60 கிலோ எடையுள்ள ஒருவர் 150 மில்லி டீயை 60 டிகிரி சூட்டில் குடிக்கிறார். அது உடம்பின் 37 டிகிரிக்கு இறங்கும்போது கொடுக்கும் வெப்பம் ஏறக்குறைய மூன்றரை கிலோகலோரி. அந்த 60 கிலோ உடம்பை ஒரே ஒரு டிகிரி சூடாக்க 50 கிலோகலோரி அளவுக்கு வேண்டும். மூன்றரையை ஐம்பதால் வகுத்தால் 0.07. ஒரு டம்ளர் டீ உடம்பின் சூட்டை ஒரு டிகிரியில் பத்தில் ஒரு பங்குகூட ஏற்றுவதில்லை.

ஆனால் குடித்தவுடன் கதகதப்பாக இருக்கிறதே, அது பொய்யா? பொய்யில்லை. நம் வாயிலும் தொண்டையிலும் சூட்டை உணர்ந்து மூளைக்குச் சொல்லும் நரம்பு முனைகள் இருக்கின்றன. வெந்நீர் பட்டால் அவை விழித்துக்கொள்ளும். மிளகாயின் காரம் பட்டாலும் அதே முனைகள் விழித்துக்கொள்ளும். அதனால்தான் காரத்தை ‘எரிகிறது’ என்கிறோம். இந்த உணர்வின் வாசலைக் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸுக்கு, ஆர்டெம் படபூட்டியனோடு சேர்த்து 2021-ல் மருத்துவ நோபல் பரிசு கொடுத்தார்கள். இஞ்சியும் மிளகும் அதே வாசலைத்தான் தட்டுகின்றன. சூடான டம்ளரைப் பிடித்திருக்கும் உள்ளங்கையும் தன் பங்கைச் சொல்கிறது. சூடும் காரமும் சேர்ந்து வரும்போது மனசுக்குக் குளிர் விட்டது போல இருக்கிறது. அந்த ஆறுதல் உண்மை. ஆனால் டீ ஸ்வெட்டர் ஆகாது. இதை ஞாபகத்தில் வையுங்கள், பேச்சின் கடைசியில் மறுபடி வருவேன்.

அடுத்து ஜலதோஷம். இந்த டீ குடித்தால் சளி பிடிக்காது என்று வாட்ஸ்அப்பில் வரும். அதற்கு ஆதாரம் கிடையாது. பிடித்த சளிக்கு இதம் தருமா என்றால், தரும். பிரிட்டனின் கார்டிஃப் பல்கலைக்கழகத்தில் சளி பிடித்த 30 பேரை வைத்து ஒரு சோதனை நடத்தி, 2008-ல் முடிவை வெளியிட்டார்கள். அவர்கள் கொடுத்ததும் ஒரு பழ பானம்தான். ஒரே பானத்தைச் சிலருக்குச் சூடாகவும் சிலருக்கு அறை வெப்பத்திலும் கொடுத்தார்கள். ஆறிய பானம் குடித்தவர்களுக்கு மூக்கு ஒழுகல், இருமல், தும்மல் கொஞ்சம் குறைந்தன. சூடாகக் குடித்தவர்களுக்கு அவற்றோடு தொண்டை வலி, குளிர், அசதியும் குறைந்ததாகச் சொன்னார்கள். மூக்கு திறந்துவிட்டதா என்று கருவியால் அளந்து பார்த்தபோது மாற்றம் இல்லை. ஆனாலும் ஆளுக்கு இதமாக இருந்தது. என் சிபாரிசும் அந்த அளவோடு நிற்கிறது. இதம் உண்டு, மருந்து அல்ல. மூன்று நாளுக்கு மேல் காய்ச்சல் இருந்தாலோ மூச்சு வாங்கினாலோ டீயை வைத்துக்கொண்டு உட்காராமல் டாக்டரிடம் போக வேண்டும்.

வைட்டமின் சி பற்றியும் ஒரு வார்த்தை. நெல்லிக்காயிலும் ஆரஞ்சிலும் அது இருப்பது உண்மை. ஆனால் தினமும் வைட்டமின் சி எடுத்துக்கொண்டால் சாதாரண மக்களுக்குச் சளி வரும் தடவை குறைவதில்லை, வந்த சளி கொஞ்சம் சீக்கிரம் விடுகிறது, பெரியவர்களுக்கு 8 சதவீதம் போல என்றுதான் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். ஒரு வாரச் சளியில் அது அரை நாள். மேலும் கொதிக்கக் கொதிக்க அந்த வைட்டமின் குறைந்துகொண்டே போகும். அதனால் சாறு வகைகளை அடுப்பை அணைத்த பிறகுதான் சேர்க்க வேண்டும்.

அன்னாசிப்பூ பற்றியும் ஒரு வதந்தி உண்டு. டாமிஃப்ளூ என்ற ஃப்ளூ மாத்திரை அன்னாசிப்பூவிலிருந்து செய்வது, ஆகவே அன்னாசிப்பூவைக் கொதிக்கவைத்துக் குடித்தால் ஃப்ளூ வராது என்பார்கள். முதல் பாதியில் உண்மை இருக்கிறது. அன்னாசிப்பூவிலிருந்து ஷிகிமிக் அமிலம் என்ற மூலப்பொருளை எடுத்து, அதைப் பல ரசாயனப் படிகள் தாண்டி மாற்றித்தான் மருந்தாக்கினார்கள். பருத்திக்கொட்டையைப் போர்த்திக்கொண்டால் வேட்டி ஆகுமா? மணத்துக்காகப் போடுங்கள், ஒரு இதழ் போதும்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன்: சர்க்கரை. இந்த அறையில் பாதிப் பேருக்கு மேல் வயது அறுபதைத் தாண்டியிருக்கும். 2023-ல் வெளிவந்த ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை நோய். நமக்கெல்லாம் இருக்கிறதா இல்லையா என்று அவரவர் ஃபைலுக்குத் தெரியும். இந்த மாதிரி டீக்குப் பல செய்முறைகளில் ஒரு லிட்டர் ஆப்பிள் ஜூஸ் ஊற்றச் சொல்வார்கள். பழம்தானே, நல்லதுதானே என்று தோன்றும். 200 மில்லி ஆப்பிள் ஜூஸில் சர்க்கரை 20 கிராம் போல இருக்கும். அதாவது நாலைந்து டீஸ்பூன். பழச்சாற்றில் இருப்பதும் தேனில் இருப்பதும் சர்க்கரைக் கணக்கில்தான் வரும் என்று உலக சுகாதார நிறுவனம் 2015-ல் தெளிவாக எழுதிவிட்டது. நாளைக்கு 25 கிராமுக்குள் நிறுத்தினால் நல்லது என்பது அவர்கள் சொல்லும் அளவு. ஜூஸ் ஊற்றிய ஒரு டம்ளரிலேயே ஒரு நாள் கோட்டா ஏறக்குறைய தீர்ந்துவிடும்.

அதனால் நம் டீயில் ஜூஸ் பாக்கெட் கிடையாது, வெல்லம் கிடையாது, தேன் கிடையாது. ஒரு முழு ஆப்பிள், ஒரு ஆரஞ்சு, அவ்வளவுதான். ஆப்பிளில் 15 கிராம், ஆரஞ்சுச் சாற்றில் 8 கிராம், மொத்தம் 23 கிராம் சர்க்கரை என்று வைத்துக்கொள்ளுங்கள். அத்தனையும் தண்ணீரில் இறங்கினாலும் 10 டம்ளருக்குப் பங்கு போட்டால் டம்ளருக்கு 2.3 கிராம். அரை டீஸ்பூன். இனிப்பு வேண்டும் என்பவர்களுக்கு நாட்டுச்சர்க்கரையைத் தனி டப்பாவில் வையுங்கள். கலந்து கொடுக்காதீர்கள். காவலில் இருக்கும் நால்வரில் யாருக்குச் சர்க்கரை இருக்கிறது என்று நமக்குத் தெரியாது. அவர்களுக்கே தெரியாமலும் இருக்கலாம். அதனால் இனிப்பின் அளவைக் குடிப்பவரே முடிவு செய்யட்டும்.

செய்முறையைச் சொல்கிறேன், வேண்டியவர்கள் குறித்துக்கொள்ளுங்கள். இது 10 டம்ளருக்கு, டம்ளருக்கு 150 மில்லி.

எவர்சில்வர் பாத்திரம் எடுத்துக்கொள்ளுங்கள். புளிப்புச் சேரும் பானத்துக்கு அலுமினியமும் ஈயம் பூசாத பித்தளையும் வேண்டாம். ஒன்றே முக்கால் லிட்டர் தண்ணீர். அதில் இரண்டு அங்குலப் பட்டை ஒன்று, கிராம்பு 4, தட்டிய ஏலக்காய் 3, மிளகு 6, அன்னாசிப்பூவில் ஒரு இதழ். மசாலாவைத் தண்ணீர் பச்சையாக இருக்கும்போதே போட்டு அடுப்பை ஏற்றுங்கள். கொதி வந்ததும் தீயைக் குறைத்து, மூடி போட்டு 10 நிமிடம். மூடி அவசியம். மசாலாவின் மணம் எல்லாம் எளிதில் ஆவியாகும் எண்ணெய். மூடாமல் கொதிக்கவிட்டால் மணம் வீட்டுக்குள் பரவும், டம்ளரில் இருக்காது.

பிறகு ஒரு ஆப்பிளைத் தோலோடு மெல்லிய துண்டுகளாக நறுக்கிப் போடுங்கள். விதையை மட்டும் எடுத்துவிடுங்கள். கடை ஆப்பிளில் மெழுகு பூசியிருப்பார்கள், வெதுவெதுப்பான தண்ணீரில் நன்றாகத் தேய்த்துக் கழுவ வேண்டும். ஒரு அங்குல இஞ்சியைத் தோல் சீவித் தட்டிப் போடுங்கள். இன்னும் 8 நிமிடம் மூடிய தீயில். அடுப்பை அணைத்த பிறகு கமலா ஆரஞ்சின் தோலில் மூன்று நான்கு கீற்றுகள் போட்டு மூடிவையுங்கள். தோலின் உள்பக்கத்து வெள்ளைப் பகுதியைச் சுரண்டிவிட வேண்டும், அதுதான் கசக்கும். 5 நிமிடம் கழித்து வடிகட்டி, ஆரஞ்சுச் சாற்றையும் ஒரு நெல்லிக்காயைத் துருவிப் பிழிந்த சாற்றையும் சேருங்கள். நெல்லி இல்லாவிட்டால் அரை மூடி எலுமிச்சை. மணம் பிடிக்கும் என்பவர்கள் நான்கு துளசி இலை போடலாம். வடிகட்டியில் மிஞ்சிய சக்கை பச்சைத் தொட்டிக்கு, நம் உரக்குழிக்கு.

பட்டை வாங்கும்போது ஒரு கவனம். கடையில் பட்டை என்று கிடைப்பதில் இரண்டு சாதி உண்டு. கனமான, முரட்டு மரப்பட்டை போல ஒற்றைச் சுருளாக இருப்பது காசியா. சீனா, வியட்நாம், இந்தோனேசியாவிலிருந்து வருகிறது. விலை மலிவு, காரம் கூட. சுருட்டு போலப் பல மெல்லிய அடுக்குகளாகச் சுருண்டு, விரலால் நசுக்கினால் நொறுங்குவது இலங்கைப் பட்டை. விலை அதிகம், மணம் மென்மை. காசியாவில் கூமரின் என்ற பொருள் அதிகம். அது நாள்பட அளவுக்கு மீறிச் சேர்ந்தால் சிலருக்கு ஈரலைப் பாதிக்கும். 60 கிலோ எடையுள்ளவர் தினசரி 2 கிராம் காசியாவுக்கு மேல் போக வேண்டாம் என்று ஜெர்மனியின் அரசு ஆய்வு நிறுவனம் சொல்கிறது. நம் அளவில் ஒரு துண்டு பத்து டம்ளருக்குப் பிரிவதால் பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் சர்க்கரை குறையும் என்று யாரோ சொன்னதைக் கேட்டுத் தினமும் ஒரு ஸ்பூன் பட்டைத் தூளை விழுங்குபவர்கள் இங்கே இருந்தால், இதைக் கொஞ்சம் யோசியுங்கள்.

இன்னும் சில எச்சரிக்கைகள். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் ஒரு சொட்டும் கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமி, பச்சிளம் குழந்தையின் குடலில் வளர்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம். இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் நல்லதென்று இஞ்சியை இரட்டிப்பாக்காதீர்கள், டாக்டரிடம் கேளுங்கள். ஆரஞ்சுக்குப் பதில் பம்பளிமாஸ் போடலாமா என்று கேட்பவர்களுக்கு: கொழுப்புக்கான சில மாத்திரைகளோடு அந்த இனப் பழங்கள் சேரக் கூடாது, அதனால் தவிர்த்துவிடலாம். நெஞ்செரிச்சல் உள்ளவர்கள் எலுமிச்சையை விட்டுவிட்டு ஆப்பிளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கடைசியாக, கொதிக்கக் கொதிக்க யாரும் குடிக்க வேண்டாம். 65 டிகிரிக்கு மேல் சூடான பானங்களை வழக்கமாகக் குடிப்பது உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 2016-ல் சொல்லியிருக்கிறது. டம்ளரில் ஊற்றி நாலு நிமிடம் பொறுத்துக் குடியுங்கள்.

இனி நம் வேண்டுகோள்.

நான்கு பேர், ஆளுக்கு இரண்டு டம்ளர் என்றால் 8. மீதி இரண்டு டம்ளர் விடியற்காலையில் பால் பாக்கெட் போடுபவருக்கும் பேப்பர் போடும் பையனுக்கும். மொத்தம் ஒன்றரை லிட்டர், ஒரு பெரிய எவர்சில்வர் ஃபிளாஸ்க். ஃபிளாஸ்க்கில் முதலில் வெந்நீர் ஊற்றி 5 நிமிடம் வைத்துக் கொட்டிவிட்டுப் பிறகு டீயை விளிம்பு வரை நிரப்பினால், இரவு 10 மணிக்குக் கொடுத்தது 4 மணிக்கும் சூடாக இருக்கும். காலையில் மிச்சம் இருந்தால் கொட்டிவிட வேண்டும்.

விழித்திருக்க வேண்டியவர்களுக்குத் தேயிலை டீதானே நல்லது என்று ஒருவர் கேட்டார். சரியான கேள்வி. அவர்கள் குடிக்கும் டீயை யாரும் நிறுத்தப் போவதில்லை. முன்னிரவில் அதைக் குடிக்கட்டும். ஆனால் காஃபீன் பாதியாகக் குறையவே ஏறக்குறைய 5 மணி நேரம் ஆகும். 4 மணிக்கு ஸ்ட்ராங்காக ஒரு டீ குடித்தவர் 8 மணிக்கு வீட்டுக்குப் போய்ப் படுத்தால் தூக்கம் பிடிக்காது. பகல் தூக்கம் கெட்டால் அடுத்த இரவுக் காவலும் கெடும். ஷிப்ட் முடியப் போகும் நேரத்துக்குக் காஃபீன் இல்லாத சூடான பானம் வேண்டும். இந்தப் பழ டீயின் இடம் அதுதான்.

செலவு? என் வீட்டில் போட்ட கணக்கு: ஆப்பிள் 30 ரூபாய், ஆரஞ்சு 15, இஞ்சியும் நெல்லியும் 10, மசாலா 10, கேஸ் 5. ஆக 70 ரூபாய், டம்ளருக்கு 7 ரூபாய். கடைக்குக் கடை கொஞ்சம் மாறும். 47 இரவுக்கு 3,290 ரூபாய். நம் 96 வீடுகளுக்குப் பிரித்தால் வீட்டுக்கு 35 ரூபாய்கூட வராது. இவ்வளவுதானே, பராமரிப்பு நிதியில் எழுதிவிட்டுக் கடையில் வாங்கிக் கொடுத்துவிடலாமே என்று பொருளாளர் கேட்டார். வவுச்சர் சுலபம்தான். ஆனால் அப்படிச் செய்தால் நாலாவது நாள் அது யாரோ கொண்டுவந்து வைக்கும் சர்க்கரைத் தண்ணீராகிவிடும், நமக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்காது. ஒரு வீட்டுக்கு 47 நாளில் ஒரே ஒரு இரவு. பாதி வீடுகள் முன்வந்தாலே முறை நிறைந்துவிடும். ஃபிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு நீங்களே கீழே இறங்கி வந்து கொடுத்தால், பின்வாசலில் இருப்பவர் பெயர் என்ன, எந்த ஊர், ராத்திரி எதைச் சாப்பிட்டார் என்று தெரிந்துவிடும். நம் கார் நம்பரெல்லாம் அவருக்கு மனப்பாடம். அவர் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? முடியாத பெரியவர்கள் சமைக்க வேண்டாம். மசாலாப் பொட்டலம் ஒன்று கட்டிக்கொடுத்தால் போதும், பக்கத்து வீட்டார் போட்டுக்கொள்வார்கள்.

டம்ளர் விஷயம். பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. ஆகவே எவர்சில்வர் டம்ளர்தான். இரண்டு டஜன் டம்ளரைச் சங்கம் வாங்கி, அரங்கத்து அலமாரியில் வைக்கலாம். மார்கழி பஜனைக்கு வருபவர்களுக்கும் அதே டம்ளர், காவலுக்கு இருப்பவர்களுக்கும் அதே டம்ளர். கழுவி ஒரே அடுக்கில் கவிழ்த்து வைக்க வேண்டும். இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், டீக்கடை பெஞ்சில் ஆளுக்கொரு விதமாகத் தனி டம்ளர் வைத்திருந்த ஊர்களை நம் தலைமுறை கண்ணால் பார்த்திருக்கிறது. நம் வீடுகளில் சிலவற்றில் வேலைக்கு வருபவர்களுக்கென்று ஒரு பழைய டம்ளர் ஜன்னல் ஓரத்தில் தனியாக இருப்பதையும் பார்க்கிறோம். அது இந்த வாசலுக்கு வர வேண்டாம். தனி டம்ளரில் கொடுப்பதானால் இந்த டீயே வேண்டாம்.

கொடுப்பதற்கு முன்னால் அவர்களிடம் கேட்டுவிடவும் வேண்டும். நால்வரில் இருவர் வடக்கிலிருந்து வந்தவர்கள். பால் விட்ட இஞ்சி டீதான் பிடிக்கும் என்றால் அதைப் போட்டுக் கொடுப்போம். காரம் ஒத்துக்கொள்ளாது என்றால் மிளகைக் குறைப்போம். நம் திருப்திக்காக அவர்கள் குடிக்கக் கூடாது.

முன்னே சொன்ன ஸ்வெட்டருக்கு இப்போது வருகிறேன். 0.07 டிகிரி என்று கணக்குப் பார்த்தோம். ஃபிளாஸ்க் கொடுத்துவிட்டோம், நம் கடமை முடிந்தது என்று இருக்க முடியாது. பின்வாசல் காவல் அறைக்குக் கதவே இல்லை. வாடைக்காற்று நேராக உள்ளே வருகிறது. ஜன்னல் கண்ணாடி ஒன்று மழைக்காலத்திலேயே உடைந்துவிட்டது, அட்டை வைத்து மறைத்திருக்கிறார்கள். கீழ்த்தளத்தில் இருப்பவருக்கு உட்காரும் இடத்தில் வெறும் சிமெண்ட் தரை. ஆகவே செயற்குழு மூன்று காரியங்களைத் தீர்மானமாக எடுத்துக்கொள்ள வேண்டுமென்று கேட்கிறேன். ஒன்று, பின்வாசல் அறைக்குக் கதவும் கண்ணாடியும். இரண்டு, நால்வருக்கும் ஆளுக்கொரு ஸ்வெட்டர், குல்லா. மூன்று, கீழ்த்தளத்தில் மரப்பலகையும் விரிப்பும். இதற்கு நன்கொடைப் பட்டியல் வேண்டாம். காவல் வேலைக்குத் தேவையான பொருள், ஆகவே இது பராமரிப்புச் செலவில் முறையாக எழுதப்பட வேண்டியது. டீ நம் அன்பிலிருந்து போகட்டும். கதவு நம் கணக்கிலிருந்து போக வேண்டும். ஒன்றைக் காட்டி மற்றொன்றைத் தள்ளிப்போடக் கூடாது.

லிஃப்டுக்குப் பக்கத்து அறிவிப்புப் பலகையில் 47 கோடு போட்ட தாள் ஒன்று ஒட்டியிருக்கிறது. தேதி எழுதியிருக்கிறது, எதிரே பிளாட் எண்ணுக்கு இடம் விட்டிருக்கிறது. பேனாவும் நூலில் கட்டித் தொங்குகிறது. டிசம்பர் 16-க்கு என் வீட்டு எண்ணை எழுதிவிட்டேன். இதைப் படித்துக்கொண்டிருக்கும் உங்களுக்குப் பக்கத்தில் கோடுகள் காலியாக இருக்கின்றன. கீழே இறங்கும்போது ஒன்றை நிரப்பிவிட்டுப் போங்கள்.